சாமி பெட்டிக்கு ஒரு லேபிள்

கடைசி நேரத்தில் வந்து நிற்கும் ஒரு அப்கிரேடைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று உங்களுக்குள் தகராறு, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் வேலையை விட்டு வருடங்கள் ஆகின்றன. நீங்கள் இப்போது பயன்படுத்தும் கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. அதனால் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஓர் ஆயுத பூஜையின்போது எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

நான் தொண்ணூற்றொன்றில் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரி ஏறியவன். சூரத்தில் சாயப்பட்டறை, ஓசூரில் டிவி ரிப்பேர் கடை, ராணிப்பேட்டையில் தோல் கிடங்கு. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரப்போகும் கம்பெனிகளுக்கு வேலிக்கல் நட்டேன். எங்கேயும் நிலைத்ததில்லை. பட்டினி கிடந்த நாளும் உண்டு, வயிறார உண்ட நாளும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக, சேரப்பணஞ்சேரியில் டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு மாடி அறைக்கு ஒயரிங் செய்யப் போனேன். ஒயரிங் முடிந்தது. நான் மட்டும் கிளம்பவில்லை.

அந்த அறையில் நாலைந்து பேர் சேர்ந்து சின்னத் தொழிற்கூடங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு எண் கொடுத்து லேபிள் அச்சடிக்கும். எந்தப் பெட்டி எந்த லாரியில் போனது என்று நினைவு வைத்திருக்கும். அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ் என்பதால் எழுதியது முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், திருத்தலாம். என்னிடம் எதைக் கொடுத்தாலும் நான் தப்பாகவே பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, டெஸ்டிங்கில் உட்கார வைத்தார்கள்.

புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸ் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. மண்ணூர்க்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. இங்கேயும் மேடமாகவே இருக்கட்டும்.

எங்கள் ரிலீஸ் வருடத்துக்கு இரண்டுதான். ஒன்று ஆயுத பூஜைக்கு, ஒன்று பொங்கலுக்கு. பக்தியினால் அல்ல. ஒரகடம் சாலையில் இருக்கும் சின்ன ஷெட்டுகளில் உற்பத்தி லைன் நிற்பது அந்த நாட்களில்தான். மற்ற நாளில் போய் "அரை மணி நேரம் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள்" என்றால் சூப்பர்வைசர் நம்மைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஆகவே பூஜையை விட்டால் பொங்கல்.

அந்த வருடம் பூஜை நெருங்கும்போது இரண்டு அப்கிரேடுகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. நம் மென்பொருள் முழுவதும் நாம் எழுதியதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துருக் காட்டும் பகுதி ஒரு நாட்டில் யாரோ எழுதியது. லேபிளுக்கு எண் கொடுக்கும் பகுதி வேறொரு நாட்டில் வேறு யாரோ எழுதியது. இரண்டு பேருமே அந்த வாரத்தில் புதிய பதிப்பு விட்டார்கள். எங்களுடைய புரோகிராமர் இசக்கி, திருநெல்வேலிக்காரன், இரண்டையும் சேர்க்கத் துடித்தான்.

"மேடம், தமிழ் எழுத்து கண்ணாடி மாதிரி தெரியுது. ஒரு தடவ பாருங்களேன்."

"பாத்தேன். அழகாதான் இருக்கு. அழகு பொங்கலுக்கு வரட்டும்."

எழுத்துரு தள்ளிப்போயிற்று. எண் கொடுக்கும் பகுதியை அப்படித் தள்ள முடியவில்லை. காரணம் வசந்தா.

வடக்குப்பட்டில் கார்களுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்து அனுப்பும் ஒரு ஷெட்டில் டெஸ்பாட்ச் பார்த்தவர் வசந்தா. முதலாளியிடம் அடித்துப் பேசி எங்கள் மென்பொருளை உள்ளே கொண்டுவந்ததே அவர்தான். பிரிண்டரில் பேப்பர் ரோல் மாற்றும் சமயத்தில் எங்கள் பழைய பதிப்பு சில நேரம் ஒரே எண்ணை இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்துவிடும். கார் கம்பெனி கேட்டில் ஸ்கேன் செய்யும்போது இரட்டை எண் வந்தால் லாரியையே திருப்பி அனுப்புவார்கள். வசந்தாவின் லாரி ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. இன்னொரு தடவை நடந்தால் சப்ளையர் வரிசையிலிருந்தே அந்த ஷெட்டை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் நேராக மாடியேறி வந்தார்.

"பொங்கலுக்குத் தரேன்னு சொல்லாதீங்கணா. பொங்கலுக்கு ஷெட்டு கீதோ இல்லியோ. நான்தான் இத்த வைங்கன்னு சொன்னேன். ரெட்ட நம்பர் இன்னொரு தபா வந்துச்சின்னா, லைன்ல கீற பொண்ணுங்கல்லாம் என் மூஞ்சியதான் பாக்கும்."

புதிய பதிப்பு அந்த இரட்டை எண்ணைத்தான் சரிசெய்திருந்தது. எப்படி என்பதைக் கவனியுங்கள், கதை முழுக்க இதில்தான் நிற்கிறது. ஒவ்வோர் எண்ணையும் கொடுக்கும்போது நேரத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த எண்ணைக் கேட்கும்போது கம்ப்யூட்டரின் கடிகாரம் அதற்கு முந்தின நேரத்தைக் காட்டினால் எண் கொடுக்க மறுத்துவிடும். நேரம் முன்னால் போனால்தான் எண்ணும் முன்னால் போகும்.

மேடம் யோசித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னார். நிபந்தனை ஒன்று: அதற்குப் பிறகு வேறு எதையும் தொடக் கூடாது. எஞ்சிய நாளெல்லாம் டெஸ்டிங். நான் ரோலை உருவினேன், பேப்பரைக் கிழித்து உள்ளே திணித்தேன், பிரிண்டர் ஒயரைப் பிடுங்கினேன், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். இரட்டை எண் வரவேயில்லை. வசந்தாவிடம் சொன்னதும் அவர் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார். "புதுசு வரட்டும், அதுலயே ஒட்டிக்கிறேன்" என்று பேக் செய்த பெட்டிகளை அடுக்கி வைத்தார். விஜயதசமி காலை ஆறு மணி ஷிப்டில் லேபிள் ஒட்டி லாரி ஏற்றுவதாகத் திட்டம்.

பூஜைக்கு முந்தின நாள் ரிலீஸ் வெளியே போயிற்று. நானே போய் வசந்தாவின் ஷெட்டில் போட்டுவிட்டு வந்தேன். போட்டதுமே அது பழைய கடைசி எண்ணை அந்த நேரத்தோடு நினைவில் எழுதிக்கொண்டது. மற்ற ஷெட்டுகளில் அவர்களே போட்டுக்கொண்டார்கள். பூஜையன்று வசந்தா கூப்பிட்டிருந்ததால் பொரி சாப்பிடப் போனேன்.

காலையிலேயே ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மெயினை அணைத்து, எல்லா இயந்திரங்களின் பிளக்கையும் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் அன்றைய தாளிலும் ஒரு பொட்டு.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். தாங்கள் செய்யும் சரக்கில் ஒரு பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அனுப்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே, லேபிளோடு வைக்க வேண்டும். அதற்காக வசந்தா கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் மட்டும் பிளக்கைச் செருகி ஆன் செய்தார். லேபிள் வரவில்லை. திரையில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி வந்து நின்றது.

"இன்னாணா இது? சாமிக்கே லேபிள் குடுக்க மாட்டேங்குது!"

முதலாளி கையில் கற்பூரத் தட்டோடு நின்றார். "நல்ல நேரம் போய்க்கினே கீது வசந்தா. லேபிள் இல்லாட்டி இன்னா? சாமிய இன்னா கேட்ல நிறுத்தப் போறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி 1991, ஜனவரி ஒன்று. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய வருடம் அங்கே மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த ஷெட்டில் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூஜையானாலும் விலக்கு இல்லை. ஆபீஸ் போனிலிருந்து மேடத்தின் வீட்டுக்கு அடித்தேன்.

"லேபிள் வரல மேடம். தேதி தொண்ணூத்தொண்ணு காட்டுது."

"செவுத்துலேந்து பிளக்க எடுத்தாங்களா?"

"பூஜைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுதான் தொடைச்சாங்க."

"அப்போ அது சரியாதான் பண்ணுதுண்ணா. நாமதான் பாக்கல."

சின்ன ஷெட்டுகளில் இருப்பவை பெரிய ஆபீஸ்கள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள். கடிகாரத்துக்கு உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். பிளக் சுவரில் இருக்கும்வரை அது வெளியே தெரியாது. அணைத்துப் போட்டாலும் கடிகாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும். எங்கள் அறையில் கம்ப்யூட்டரின் பிளக்கை யாரும் சுவரிலிருந்து எடுத்ததே இல்லை. பழைய பதிப்பும் தேதியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. லைன் நிற்கும் என்று பூஜையைப் பார்த்து ரிலீஸுக்கு நாள் குறித்த எங்களில் ஒருவருக்கும், பூஜையன்று இயந்திரத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டிலோ பழைய வேலையிடத்திலோ பிளக்கைப் பிடுங்கிப் பொட்டு வைத்தவர்கள்தான். மேடம் வீட்டில் மட்டும் அந்த வழக்கம் இல்லை, ஆனாலும் அவருமே ஒவ்வொரு வருடமும் பொரி வாங்கித் தின்றவர்தான். எங்களுக்குப் பூஜை என்பது காலண்டரில் ஒரு தேதியாக மட்டும் இருந்தது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் பையன் ஒருவன் கீபோர்டில் கை வைத்தான். "தேதிதானே, நான் போட்டுர்றேன்."

மேடத்துக்கு அது கேட்டுவிட்டது. "யாரு அது? நிறுத்தச் சொல்லுங்கண்ணா! வருஷத்த ஒண்ணு கூட்டிப் போட்டு ஒரு லேபிள் அடிச்சுட்டா, அப்புறம் சரியான தேதியே பழைய தேதி ஆயிடும். அடுத்த வருஷம் வரைக்கும் லேபிள் வராது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் உரக்கத் திருப்பிச் சொல்ல, வசந்தா தட்டினார். நாள், மாதம், வருடம், மணி. பதினொன்று ஆகியிருந்தது. லேபிள் வந்தது. ஒரு பெண் அதன்மேலேயே குங்குமம் வைக்கப் போனாள்.

"ஏய், லேபிள் மேல வெக்காதடி, ஸ்கேன் ஆவாது! பொட்டி ஓரமா வெய்யி."

பூஜை நடந்தது. பிறகு பிளக்கை மறுபடியும் பிடுங்கினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. மறுநாள் காலை கடிகாரம் மறுபடி தொண்ணூற்றொன்றில்தான் எழுந்திருக்கும். இந்த ஷெட்டில் மட்டுமல்ல, எங்கள் ரிலீஸைப் போட்ட எல்லா ஷெட்டுகளிலும்.

சேரப்பணஞ்சேரி அறைக்கு ஓடினேன். இசக்கி அங்கே இருந்தான், மேடமும் வந்துவிட்டார். இசக்கிக்கு விடை கைவசம் இருந்தது.

"அந்த ஒரு வரியத் தூக்கிட்டா முடிஞ்சுட்டுல்லா? நேரத்தப் பாக்காம நம்பரக் குடுன்னு. பத்து நிமிஷ சோலி மேடம்."

"டெஸ்ட் பண்ண?"

"அண்ணன் இருக்காருல்லா."

"பூஜ முடிஞ்ச ஷெட்டுல யாரு இன்னைக்குக் கம்ப்யூட்டரத் தொட்டு அதப் போடுவாங்க?"

இசக்கி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். மேடம் தொடர்ந்தார். "போட்டாலும் என்ன ஆகும்? அந்த வரிய எடுத்தா ரெட்ட நம்பர் திரும்ப வருமா வராதான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லேபிள் வரலன்னா லாரி லேட்டாகும். ரெட்ட நம்பர் வந்தா வசந்தா ஷெட்டே போயிடும். கடைசி நேரத்துல சேத்த ஒண்ண மூட, கடைசி நேரத்துல இன்னொண்ணச் சேக்க வேணாம். புரோகிராம்ல ஒரு எழுத்தும் மாறாது. ஆளுங்களுக்குச் சொல்லுவோம்."

இங்கேதான் நான் அவரிடம் கற்றேன் என்பேன். புரோகிராம் எழுதும் இடத்தில் எல்லோருடைய கையும் கீபோர்டுக்குத்தான் போகும். அன்று அவர் கை போனுக்குப் போயிற்று. முதல் வேலையாக ரிலீஸ் பக்கத்தின் தலையில் எச்சரிக்கை போட்டார். பிறகு எல்லா ஷெட்டுகளுக்கும் சொல்ல ஒரே வாக்கியத்தைத் தயார் செய்தார்: ஆன் செய்ததும் லேபிளுக்குப் போகாதே, தேதியைச் சரிசெய், இரண்டு பேராகப் பார்.

போன் எடுத்தவர்களுக்கு மேடம் சொன்னார். எடுக்காதவர்களைத் தேடி நானும் இசக்கியும் பைக்கில் போனோம். சாலை முழுக்க கேட்டுக்குக் கேட்டு உடைத்த பூசணிக்காய். பைக் வழுக்கிக்கொண்டே போயிற்று. போன இடமெல்லாம் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள், வாங்காமல் பேச்சைத் தொடங்க முடியாது. ஓரிடத்தில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவேயில்லை.

"கம்ப்யூட்டரல்லாம் சாமிகிட்ட கீது. நாளிக்கு வா."

"கம்ப்யூட்டர் வேணாங்க. உங்க சூப்பர்வைசருக்கு ஒரு சேதி."

"சேதியா? பொரி துன்ன வந்தன்னு நெனச்சேன்."

"எண்ணே," என்றான் இசக்கி, "இந்த சென்மத்துக்கு இனி பொரி வேண்டாம்."

விஜயதசமி காலையில் வசந்தாவின் ஷெட்டுக்குப் போய்விட்டேன். கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். லாரி பின்பக்கக் கதவைத் திறந்து நின்றது. பிளக்கைச் செருகினோம், எதிர்பார்த்தபடியே தொண்ணூற்றொன்று. வசந்தா சுவரைப் பார்த்துத் தேதியைப் படித்தார். நானும் பார்த்துச் சரி என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைப் போட்டோம். லேபிள் கேட்டோம். அதே சிவப்பு வரி.

மறுபடி போட்டோம். அதே வரி.

முதலாளி வந்து பின்னால் நின்றார். இன்று ஜோக் இல்லை. "இன்னாபா, நேத்தே சரி பண்ட்டன்னு சொன்னியே." லாரி டிரைவர் ஹாரனை ஒருமுறை தொட்டார். லைன் பெண்கள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

இசக்கி சொன்ன அந்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அவன் சொன்னதைச் செய்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. பதற்றத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். காவல் காப்பதையே முதலில் அகற்றப் பார்ப்போம். பிறகு மேடத்தின் பேச்சும் ஞாபகம் வந்தது: அது சரியாதான் பண்ணுது. சரியாகச் செய்கிறது என்றால், நாம் போட்ட நேரம் அதன் கடைசி லேபிளுக்கு முந்தியது. கடைசி லேபிள் எது?

"வசந்தா, சாமி பெட்டிக்கு லேபிள் அடிச்சது எப்போ?"

"நேத்து பதினோரு மணிக்கு..." என்றவர் வாயை மூடிக்கொண்டார். சுவருக்குத் திரும்பினார். காலண்டர் தாளில் நேற்று வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

"ஐயோ, சீட்டு கிழிக்கலணா! பொட்டு வெச்ச சீட்ட எவன் கிழிப்பான்?"

நாங்கள் போட்டது நேற்றைய தேதி, காலை ஆறு மணி. அதன் கணக்கில் சாமி பெட்டிக்கு லேபிள் அடிக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இரண்டு பேராகப் பார்க்கச் சொல்லியிருந்தார் மேடம். இரண்டு பேரும் பார்த்தோம்தான், ஆனால் ஒரே தாளைப் பார்த்தோம். அதை இரண்டு பேர் பார்த்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

வசந்தா தாளைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜையில் வைத்தார். நான் கேட்டுக்கு ஓடி, என் போனில் தேதியைப் பார்த்துவிட்டு வந்தேன். போனும் காலண்டரின் புதிய தாளும் ஒத்துப்போயின. போட்டோம். லேபிள் வந்தது. அடுத்ததும் வந்தது. பெண்கள் பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தார்கள். நடுவில் ரோல் தீர்ந்தது. எல்லோரும் பார்த்திருக்க, வசந்தா புதிய ரோலை மாட்டினார். எண் வரிசையாகவே தொடர்ந்தது.

எல்லாம் ஏறிய பிறகு அவர் லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "நிறுத்து" என்றார். இந்தச் சரக்கின் முதல் எண் லாரியில் இல்லை. அது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. வரிசையில் ஒரு எண் குறைந்தாலும் அந்தக் கம்பெனி கேட்டில் கேள்வி வரும்.

முதலாளியைப் பார்த்தார். முதலாளி சாமியைப் பார்த்தார். "எடுத்துக்கமா. அதுவும் சரக்குதானே."

வசந்தா பெட்டியைத் தூக்கி வந்து, ஓரத்துக் குங்குமம் கலையாமல் லாரியின் வாசலில் வைத்தார்.

நாங்கள் அதற்கப்புறம் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னால் டெஸ்ட் அறையில் எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தோம். அது எளிய வேலை. அதைவிடக் கடினமானது, புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் மேடம் எங்களைக் கேட்ட கேள்வி: "இத மொதல்ல ஆன் பண்ணப்போறது யாரு? அவங்க அன்னைக்குக் காலைல என்ன பண்ணிட்டு இருப்பாங்க?" இதற்குப் பதில் தெரியாமல் சேர்க்கவும் மாட்டார், தெரியாமல் தள்ளவும் மாட்டார். உங்கள் மேஜையில் இருக்கும் அப்கிரேடுக்கும் எனக்குத் தெரிந்தது இந்தக் கேள்விதான்.

அந்த விஜயதசமியன்று, லாரி கிளம்பிய பிறகு, மேடமும் இசக்கியும் நானும் மாடி அறையில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மற்ற ஷெட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக நல்ல சேதி வந்தது. வசந்தாவிடமிருந்து மட்டும் வரவில்லை. லாரி கார் கம்பெனி கேட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மத்தியானம் தாண்டிப் போன் அடித்தது. மேடம் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணா கீறாரா? சொல்லிடுங்க மேடம். சாமி பொட்டிதான் மொதல்ல ஸ்கேன் ஆச்சி. அப்பால எல்லாமே பாஸு."